புதுப்பிப்பு: டர்ஹம் பேஸ்பால் பயணம் போய் வந்தாச்சு

சார்லட்டிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு வட கரோலினாவின் டர்ஹம் நகரத்து பேஸ்பால் அணியான டர்ஹம் புல்ஸ் ஆட்டம் பார்க்கப் போகிறோம், எந்த நாள் நல்லது, எங்கே உட்காரலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே எதிரணியோடு ஆறு ஆட்டம், அதனால் சனிக்கிழமைக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, மழை வந்தால் ஞாயிறு என்று ஒரு நாளைக் கையில் வைத்துக்கொண்டோம். மழை வரவில்லை, ஓட்டல்தான் காலை வாரியது. பதிவு செய்த அறை இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள், ராத்திரி பத்தரைக்குத் தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வேறு இடம் தேடினோம். முதல் நாளே ஒரு போன் போட்டு உறுதி செய்துவிடுங்கள்.

முதல் பேஸ் பக்கம், அதாவது மைதானத்தின் வலது பக்கம், உட்காரச் சொன்னவருக்குத் தனி நன்றி. இடது பக்கத்து 32 அடி உயர நீலச் சுவரும் அதன் மேல் நிற்கும் பெரிய காளையும் கண்ணுக்கு நேரே. புல்ஸ் வீரர் பந்தை எல்லைக்கு வெளியே பறக்கவிட்டு ஹோம் ரன் அடித்ததும் காளையின் கண் சிவந்து, மூக்கில் புகை வந்து, வால் ஆட, சின்னவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு "அப்பா, இன்னொரு தடவை!" என்றாள். பெரிய லீக் அணியான டாம்பா பே ரேஸுக்கு வீரர்களைத் தயார் செய்யும், ஒரு படி கீழே உள்ள அணி இது, 1998 முதல் அப்படித்தான். நாளைக்குப் பெரிய லீக்கில் ஆடப்போகிறவரை இவ்வளவு பக்கத்தில் பார்ப்பது தனி சந்தோஷம்.

அப்புறம், ஞாயிறு காலை டர்ஹமிலேயே டியூக் பல்கலைக்கழகத்துத் தோட்டம். நுழைவு இலவசம், பிள்ளைகள் வர மனமில்லாமல்தான் காரில் ஏறினார்கள்.