கீழே இறங்காத இலைவண்டிக்கு 97 கி.மீ. வேகச் சலான்: என்ன செய்யலாம்?

கேள்வி (கட்டபெட்டு, சிறு தேயிலை விவசாயி)

அனைவருக்கும் வணக்கம். தோட்டத்தில் பறிக்கும் பசுந்தேயிலையைத் தொழிற்சாலைக்குக் கொண்டு சேர்ப்பதற்காக மூன்றாண்டுகளுக்கு முன் பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கினேன். ஆர்.சி. புத்தகம் என் பெயருக்கு மாறிவிட்டது. ஆனால் கைப்பேசி எண் மட்டும், வண்டியை வாங்கித் தந்த தரகருடையதாகவே பதிவில் இருந்துவிட்டது. அடுத்த மாதம் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) காட்ட வேண்டியிருப்பதால் பரிவாகன் என்ற அரசு வாகனத் தளத்தில் நிலுவை ஏதும் உண்டா என்று பார்த்தேன். இரண்டு இ-சலான்கள், அதாவது மின்னணு அபராத அறிவிப்புகள், இருந்தன. இரண்டும் கீழே சமவெளியில், கேமரா பதிவு செய்த வேகக் குற்றத்துக்கானவை.

முதல் சலானை நான் மறுக்கவில்லை. கேரட் மூட்டைகளை மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்கிவிட்டு, வண்டி வேறொரு வேலையாக மேலும் கீழே போன நாள் அது. 60 கி.மீ. எல்லையுள்ள இடத்தில் 73 என்று காட்டுகிறது. ஓட்டிய தம்பியும் ஒப்புக்கொள்கிறான்.

இரண்டாவது சலான்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. ஒரு புதன்கிழமை மாலை 4 மணி 12 நிமிடத்துக்கு, நான்குவழிச் சாலையில் 97 கி.மீ. வேகத்தில் என் வண்டி போனதாக அதில் உள்ளது. அந்த நேரத்தில் வண்டி கோத்தகிரிப் பக்கம் தொழிற்சாலையில் இலை இறக்கிக்கொண்டிருந்தது. 4 மணி 5 நிமிடம் என்று அச்சான எடைச் சீட்டு என்னிடம் இருக்கிறது. அங்கிருந்து குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையம் இறங்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சலானோடு உள்ள படத்தில் நம்பர் பிளேட்டை மட்டும் பெரிதாக்கிக் காட்டியிருக்கிறார்கள், அதுவும் கருப்பு வெள்ளையில் மங்கலாக இருக்கிறது. நான் யாரிடம், என்ன சொல்லி முறையிட வேண்டும்?

பதில் (ஊட்டி, வாடகைக் கார் ஓட்டுநர்)

அண்ணா, ஆயிரம் ரூபாய்தான். கட்டிவிடுங்கள் என்பதே என் கருத்து. இதற்காகக் கீழே இரண்டு முறை போய்வந்தால் டீசலுக்கும் கெட்டுப்போகும் வேலைக்கும் அதைவிட அதிகம் செலவாகும். எஃப்.சி. நேரத்தில் நிலுவை நின்றால் வண்டி ஓடாமல் நிற்கும், இலை செடியிலேயே முற்றிவிடும். நீங்கள் நேர்மையாகக் கேட்கிறீர்கள் என்பதால் நானும் மனத்தில் பட்டதைச் சொல்கிறேன்.

பதில் (குன்னூர், வழக்கறிஞர்)

மேலே சகோதரர் சொல்லும் நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனாலும் இரண்டாவது சலானைக் கட்ட வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். அபராதத்தைக் கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொண்டு தீர்த்துக்கொள்வதாகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆவது பிரிவின் கீழ், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, இலகுரக வாகனத்தின் வேகக் குற்றத்துக்கு ஆயிரம் முதல் இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. தொகையைவிட முக்கியமானது, 206-ஆவது பிரிவின் நான்காம் உட்பிரிவு ஓட்டுநர் உரிமத்தையே கையகப்படுத்தி உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அனுப்ப இடம் தரும் குற்றங்களுள் வேகமும் ஒன்று என்பது. முதல் சலான் உண்மை என்று நீங்களே சொல்கிறீர்கள். செய்யாத இரண்டாவதையும் ஏற்றுக்கொண்டால் உங்கள் வண்டி மீண்டும் மீண்டும் விதியை மீறியதாகப் பதிவேடு காட்டும். வண்டியை நம்பிப் பிழைப்பவர் அப்படி ஒரு பதிவைத் தாமே உண்டாக்கிக்கொள்ளக் கூடாது.

அடுத்து, ஒவ்வொரு சலானும் இப்போது யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். காவல்துறையிடமே நிலுவையில் இருந்தால், இ-சலான் தளத்தில் உள்ள புகார்ப் பகுதியில் சலான் எண்ணைக் கொடுத்து, ஆவணங்களை இணைத்து முறையிடலாம். தவறு தெளிவாக இருந்தால் அவர்களே நீக்கிவிட முடியும். இணையவழியில் சலான் வழக்குகளைப் பார்க்கும் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டிருந்தால் அந்தத் தளத்தில் அபராதம் செலுத்துதல், வழக்கை எதிர்த்தல் என்ற இரண்டு வாய்ப்புகளே இருக்கும். எதிர்ப்பதைத் தேர்ந்தெடுத்தால் வழக்கு அந்த எல்லைக்குரிய வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும், அதன்பின் தேதிக்கு நீங்கள் கீழே போக வேண்டி வரும். ஆகையால் முதல் வழி திறந்திருக்கும்போதே அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கேமராச் சலான் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு விதி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட 167அ விதியின்படி, குற்றத்தையும் வண்டியின் எண்ணையும் தெளிவாகக் காட்டும் படம், கருவி அளந்த வேகம், நாள், நேரம், இடம், மீறப்பட்ட சட்டப் பிரிவு ஆகியவற்றோடு மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழும் சலானில் இருக்க வேண்டும். முன்பு சாட்சியச் சட்டத்தின் 65ஆ பிரிவின் கீழ் வழங்கப்பட்ட அந்தச் சான்றிதழ், 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆவது பிரிவின் கீழ் வருகிறது. குற்றம் நடந்த 15 நாள்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பதும், கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்புதல் சான்று வேண்டும் என்பதும், கண்காணிப்பு இருப்பதை முன்கூட்டியே எச்சரிக்கும் பலகை வேண்டும் என்பதும் அதே விதியில் உள்ளவை. ஆனால் அறிவிப்பு தரகரின் எண்ணுக்குப் போனதை அனுப்பாததாகக் கருத முடியாது. அந்த எண்ணை மாற்றாதது நம் பக்கத்துக் குறை. அதை வைத்து வாதாடாமல் உண்மையான வாதத்தை மட்டும் முன்வையுங்கள்.

பதில் (கோத்தகிரி, வண்டிப் பட்டறை வைத்திருப்பவர்)

வழக்கறிஞர் அம்மா சொன்னதோடு என் தொழில் பக்கத்திலிருந்து ஒன்றைச் சேர்க்கிறேன். உங்களுடையது சரக்கு வண்டி என்பதால் ஸ்பீடு கவர்னர் என்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தியிருக்க வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 118-ஆவது விதியின்படி அது மணிக்கு 80 கி.மீ.க்கு அமைக்கப்பட்டிருக்கும், எஃப்.சி.யின்போது அதையும் பார்ப்பார்கள். கருவி ஒழுங்காக வேலை செய்யும் வண்டியை சமதளச் சாலையில் 97க்கு ஓட்ட முடியாது. மலையிறக்கத்தில் மட்டும் இந்த வாதம் செல்லாது. கவர்னர் எரிபொருளைத்தான் குறைக்கும், பிரேக் பிடிக்காது. இரண்டாம் கியரில் இறங்க வேண்டிய சரிவில் நியூட்ரலில் விட்டால் எந்தக் கவர்னரும் வண்டியைத் தடுக்காது என்பது மலையில் ஓட்டும் எல்லாருக்கும் தெரியும். உங்கள் சலான் சமவெளிச் சாலைக்கானது என்பதால் கவர்னரின் சான்றிதழை இணைக்கலாம். கருவியைக் கழற்றிவிட்டு ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள் என்பதால் இது தனியாக நின்று உங்களைக் காப்பாற்றாது. எடைச் சீட்டோடு சேர்ந்தால் வலுவாக இருக்கும்.

இன்னொன்று, சரக்கு வண்டிக்குரிய மஞ்சள் பிளேட். அகச்சிவப்பு ஒளியில் எடுத்த படத்தில் மஞ்சளும் வெள்ளையும் ஒரே வெளிர் நிறமாகத் தெரியும். அதனால் நிறத்தைத் தேடாமல், பிளேட்டுக்கு மேலும் கீழும் தெரிவது எந்த வண்டியின் உடல் என்று பாருங்கள். பிக்கப்பின் பம்பரும் சிறிய காரின் பம்பரும் ஒருநாளும் ஒன்றுபோல் இருக்காது.

பதில் (கூடலூர், ஆசிரியர்)

பட்டறை ஐயா சொன்ன உடல் அடையாளத்தோடு எண்ணின் முதல் நான்கு எழுத்துகளையும் பாருங்கள். நம் மாவட்டத்துக்கு டி.என். 43, திருவரங்கத்துக்கு டி.என். 48. அலங்கார எழுத்தில் எழுதிய பிளேட்டிலும் சேறு படிந்த பிளேட்டிலும் 8-இன் இடது பக்கம் மறைந்துவிட்டால் கணினி அதை 3 என்று படித்துவிடும். என் உறவினர் ஒருவருக்கு எழுத்து வரிசையில் பி என்பது 8 ஆகப் படிக்கப்பட்டு இப்படித்தான் ஒரு சலான் வந்தது.

எல்லை தாண்டி ஓட்டும் எங்களைப் போன்றவர்களுக்காக ஒரு வார்த்தை. நாடுகாணி வழியாகக் கேரளம் போய்வந்து சலான் வந்தால் அதை வேகக் குற்றம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே 2023 ஜூன் 5 முதல் அபராதம் விதிக்கத் தொடங்கிய 726 கேமராக்களில் 675 ஹெல்மெட், சீட் பெல்ட் போன்றவற்றைப் பார்ப்பவை. சலானில் எந்தப் பிரிவு குறிப்பிடப்பட்டுள்ளது என்று பார்த்த பிறகே பதிலை எழுத வேண்டும். மெய்நிகர் நீதிமன்றத் தளத்திலும் சலான் போட்ட மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தால்தான் வழக்கு கண்ணில் படும்.

கேள்வி கேட்டவர்

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு உட்கார்ந்து பார்த்தேன். முதல் சலான் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது, இரண்டாவது இன்னும் காவல்துறையிடம் இருக்கிறது. ஆசிரியர் ஐயா சொன்னபடி கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோது என் நெஞ்சு அடித்துக்கொண்டது. 3 என்று எடுக்கப்பட்ட எண்ணின் இடது பக்கத்தில் மெல்லிய வளைவு ஒன்று தெரிகிறது, அங்கே ஒரு திருகாணியின் பளபளப்பு விழுந்து கோட்டை மறைத்திருக்கிறது. பிளேட்டுக்குக் கீழே காரின் வளைந்த பம்பர் ஓரமும் தெரிகிறது. என் பிக்கப்பில் அந்த இடத்தில் நேரான இரும்புப் பட்டை.

ஒரு சந்தேகம். கேமரா சாய்வாக இருந்ததால் வேகத்தையே கூட்டிக் காட்டியிருக்கலாம் என்றும் எழுதலாமா? தரகருக்கு இதற்கிடையில் 'சலான் விவரம்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செயலிக் கோப்பும் வந்திருக்கிறது. அதையும் பார்க்க வேண்டுமா?

பதில் (குன்னூர், வழக்கறிஞர்)

அந்தக் கோப்பைத் திறக்கவே வேண்டாம் என்று அவரிடம் உடனே சொல்லுங்கள். அரசுத் தளம் எதுவும் சலானைப் பார்க்கச் செயலி ஒன்றை நிறுவச் சொல்வதில்லை. உண்மையான இணைப்பின் முகவரி ஜி.ஓ.வி. புள்ளி ஐ.என். என்றே முடியும். கோப்பைத் திறந்துவிட்டிருந்தால் கைப்பேசியின் இணையத் தொடர்பைத் துண்டித்து, வங்கியிடம் சொல்லி, 1930 என்ற எண்ணில் புகார் செய்யட்டும்.

கேமராச் சாய்வு பற்றி எழுத வேண்டாம். ரேடார் கருவி, திரும்பி வரும் அலையின் அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டு தன்னை நோக்கி வரும் வேகத்தை அளக்கிறது. கோணம் கூடக்கூட அது உண்மையைவிடக் குறைவாகத்தான் காட்டும், அதாவது ஓட்டுநருக்கு நன்மையாகவே அமையும். தவறான வாதம் ஒன்று நுழைந்தால் படிக்கும் அதிகாரிக்கு மற்றவற்றின் மீதும் நம்பிக்கை குறையும். "படத்தில் உள்ளது என் வண்டி அல்ல" என்ற ஒரே வாதம் போதும். ஆர்.சி., வண்டியின் முன்புறமும் பக்கவாட்டும் தெரியும் படங்கள், நேரம் அச்சான எடைச் சீட்டு, கவர்னர் சான்றிதழ் ஆகியவற்றை இணையுங்கள். சீட்டு உண்மை என்று தொழிற்சாலைக் கணக்கர் ஒரு தாளில் கையெழுத்திட்டுத் தந்தால் இன்னும் நல்லது. அசல் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அந்த அச்சு நாளடைவில் மங்கிவிடக்கூடும், இன்றே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பதில் (ஊட்டி, வாடகைக் கார் ஓட்டுநர்)

கட்டிவிடச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன், அண்ணா. 206-ஆவது பிரிவைப் பற்றி எனக்குத் தெரியாது. என் பெயரில் இருக்கும் காருக்குக் கடந்த ஆண்டு வந்த ஒரு சலானைப் படத்தைக்கூடப் பார்க்காமல் கட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தால் அன்று கார் எங்கே இருந்தது என்றே எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.

கேள்வி கேட்டவர் (இருபத்திரண்டு நாள்களுக்குப் பிறகு)

முடிவைத் தெரிவிக்கவே மீண்டும் எழுதுகிறேன். முதல் சலானுக்கு மெய்நிகர் நீதிமன்றத் தளத்தில் ஆயிரம் ரூபாய் கட்டி ரசீது எடுத்துக்கொண்டேன். இனிமேல் சமவெளியில் வேகப் பலகையைப் பார்த்து ஓட்டுவதாகத் தம்பி சொல்லியிருக்கிறான். சரக்கு வண்டிக்கும் காருக்கும் எல்லை வேறு என்பதே அவனுக்கு இதுவரை தெரியாது. 2018-ஆம் ஆண்டு மத்திய அறிவிக்கையின்படி நான்குவழிச் சாலையில் காருக்கு 100, சரக்கு வண்டிக்கு 80, நகராட்சிச் சாலைகளில் முறையே 70, 60, இடத்துக்கேற்ப இதையும் குறைக்க முடியும் என்று அவனுக்கு எழுதிக் கொடுத்து வண்டியின் கண்ணாடிக்கு அருகே ஒட்டியிருக்கிறேன்.

இரண்டாவது சலானுக்கான புகாரை அம்மா சொன்னபடி ஒரே பக்கத்தில் எழுதி அனுப்பினேன். பத்து நாள் எந்த மறுமொழியும் இல்லை. பிறகு சலானில் குறிப்பிட்ட காவல் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்த காவலர் பொறுமையாகக் கேட்டு, படத்தைத் தம் திரையில் பார்த்துவிட்டு, "இது கார்தான், ஐயா" என்று உடனே சொன்னார். நேற்று முன்தினம் அந்தச் சலான் என் வண்டியின் பட்டியலிலிருந்து நீங்கிவிட்டது. நீங்கிய பக்கத்தையும் புகார் எண்ணையும் அச்செடுத்து ஆர்.சி. உறையிலேயே வைத்திருக்கிறேன்.

கைப்பேசி எண்ணையும் மாற்றிவிட்டேன். சேஸிஸ் எண், பதிவு நாள் போன்ற விவரங்களைத் தளத்தில் கொடுத்து வீட்டிலிருந்தபடியே செய்ய முடிந்தது, அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மூன்றாண்டுகளாகச் செய்யாமல் விட்டது அது. பழைய வண்டி வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், பெயர் மாறியதோடு எண்ணும் மாறியிருக்கிறதா என்று இன்று இரவே பார்த்துவிடுங்கள்.

எஃப்.சி. தேதி வரும் வெள்ளிக்கிழமை. கவர்னரைக் கோத்தகிரிப் பட்டறை ஐயாவிடமே காட்டிச் சீல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளப் போகிறேன். ஐயா, வியாழன் காலை இலை இறக்கியதும் வண்டியைக் கொண்டுவரலாமா?