பொடி விளம்பரத்துக்கு லைக் வருது, ஆர்டர் வரல. எப்படி எழுதணும்?

மல்லிப்பொடி:

வணக்கம் எல்லாருக்கும். சிங்கப்பூர்ல ஈசூன்ல வீட்டுலேர்ந்து இட்லி பொடி, சாம்பார் பொடி செஞ்சு விக்கிறேன், பேஸ்புக்லயும் கரோசல்ங்கிற விற்பனை ஆப்லயும் போட்டிருக்கேன். லைக் நல்லா வருது, "ஹவ் மச் சிஸ்"னு கேக்குறாங்க, விலைய சொன்னதும் ஆளக் காணோம், தெரிஞ்சவங்க மட்டும்தான் வாங்குறாங்க. தீபாவளிக்கு முன்னாடி வாட்ஸ்அப்ல லெட்டர் மாதிரி நீளமா எழுதி, கோயில் குரூப், பழைய ஆபீஸ் குரூப்ல இருக்கிற நம்பருக்கெல்லாம் அனுப்பலாம்னு ஒரு யோசனை. இப்ப இருக்கிற விளம்பரம் இது:

"100% இயற்கை!! பாரம்பரிய சுவை!! தரமான பொருட்களால் அன்போடு தயாரிக்கப்பட்ட பொடி வகைகள். சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்தும். வழக்கமான விலையில் பாதி! இன்றே வாங்கி மகிழுங்கள். விலைக்கு பிஎம் செய்யவும்."

எங்கெங்க மாத்தணும்னு வெளிப்படையா சொல்லுங்க.

தேக்காவாசி:

சிஸ், இந்த விளம்பரத்துல "பொடி"ங்கிற எடத்துல "ஊறுகாய்"னு போட்டாலும் அப்படியே பொருந்தும், "முறுக்கு"னு போட்டாலும் பொருந்தும். அதான் பிரச்சினையே. இயற்கை, பாரம்பரியம், தரம் இதெல்லாம் லிட்டில் இந்தியால தேக்கா கடையில தொங்குற எல்லா பாக்கெட்லயும் இருக்கு, படிக்கிறவங்க கண்ணு அது மேல நிக்கவே நிக்காது. ஒங்க பொடியில மட்டும் என்ன இருக்கு? எந்த மிளகாய், தோல் உளுந்தா வெள்ளை உளுந்தா, என்னைக்கு வறுக்கிறீங்க, எத்தனை நாள் வெளியில வைக்கலாம், அத எழுதுங்க.

அப்புறம் அந்த "விலைக்கு பிஎம்", அத மொதல்ல எடுங்க. வேலைக்குப் போற வழியில எம்ஆர்டி ரயில்ல நின்னுகிட்டு போன் பாக்குறவங்க மெசேஜ் போட்டு பதிலுக்குக் காத்துகிட்டு இருக்க மாட்டாங்க. எடை, விலை, எங்க வந்து வாங்கிக்கலாம், டெலிவரி எவ்வளவு, போன்லயே பணம் அனுப்புற பேநவ் உண்டான்னு எல்லாத்தையும் அங்கயே போட்டுடுங்க. விலை பாத்துட்டு போறவங்க எப்படியும் போவாங்க, ஆனா அதுக்கு மேலயும் மெசேஜ் பண்றவங்க வாங்கத்தான் வருவாங்க.

பொங்கோல்காரன்:

மேல சொன்னது எல்லாம் சரி, ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு வரிய இன்னைக்கே அழிச்சிடுங்க அக்கா. ஒண்ணு சர்க்கரை நோய். சாப்பாட்டுப் பொருள் நோயைக் குணப்படுத்தும், தடுக்கும்னு விளம்பரம் பண்ண சிங்கப்பூர் உணவு விதிமுறைகள்ல அனுமதி கிடையாது, வீட்டுலேர்ந்து விக்கிறவங்களுக்கும் அதே சட்டம்தான். சட்டத்த விடுங்க, அத நம்பி ஒரு வயசானவங்க மாத்திரைய குறைச்சுகிட்டா என்ன ஆகும்னு யோசிங்க. ரெண்டாவது "பாதி விலை". நிஜமாவே முன்னாடி இரட்டை விலைக்கு வித்திருந்தா போடலாம், இல்லாத தள்ளுபடிய இருக்குன்னு சொல்றது பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வியாபாரம்.

அதுக்குப் பதிலா எல்லாரும் விட்டுடுற ஒரு விஷயத்த எழுதுங்க, அலர்ஜி. வேர்க்கடலை சேக்கிறீங்களா? பெருங்காயம் எது? கடையில வாங்குற கூட்டுப் பெருங்காயத்துல பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், குளூட்டன் ஒத்துக்காதவங்களுக்கு அது முக்கியம். புள்ளைங்களுக்கு வாங்குற அம்மா இந்த ஒரு வரியப் பாத்தாலே இவங்க கவனமா செய்றாங்கன்னு புரிஞ்சுக்குவாங்க.

மல்லிப்பொடி:

ரொம்ப நன்றி, அந்த ரெண்டு வரியும் எடுத்தாச்சு. கறுப்பு உளுந்து தோலோட, குண்டு மிளகாய், எள்ளு, கட்டிப் பெருங்காயம், கல்லுப்பு. வேர்க்கடலை கிடையாது, ஆனா பெருங்காயத்துல கோதுமை இருக்கு, டப்பாவப் பாத்தேன். சனிக்கிழமை காலையில வறுத்து அன்னைக்கே அரைக்கிறது. 200 கிராம் 7 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). லெட்டர் எப்படி எழுதுறது?

தேக்காவாசி:

பாத்தீங்களா, இப்ப எழுதினீங்களே அதான் விளம்பரம். நான் கொஞ்சம் வரிசை மட்டும் மாத்துறேன்:

"இட்லி பொடி, தோல் உளுந்து, நல்ல காரம். சனிக்கிழமை காலையில் வறுத்து அன்றே அரைப்பது. 200 கிராம் 7 வெள்ளி. உளுந்து, குண்டு மிளகாய், எள், பெருங்காயம், கல்லுப்பு, வேறெதுவும் இல்லை. வேர்க்கடலை சேர்ப்பதில்லை, பெருங்காயத்தில் கோதுமை உண்டு. ஈசூன் எம்ஆர்டியில் சனி மாலை வாங்கிக்கொள்ளலாம். வியாழன் இரவுக்குள் சொன்னால் இந்த வாரமே கிடைக்கும்."

வியாழக்கிழமைங்கிறது சும்மா அவசரப்படுத்துறதுக்கு இல்ல, சாமான் வாங்க ஒங்களுக்கு வெள்ளிக்கிழமை வேணும்ல, காரணம் உண்மையா இருந்தா கெடு வைக்கலாம். பேஸ்புக்ல நீளமா போனா மீதி "மேலும் பார்க்க"க்குள்ள மறைஞ்சிடும், அதனால பொருள் பேரும் அதோட தனித்தன்மையும் முதல் வரியிலயே வந்துடணும்.

பொங்கோல்காரன்:

லெட்டர் விஷயத்துல, குரூப்ல இருக்கிற நம்பர எடுத்து அனுப்பாதீங்க அக்கா. 2014லேர்ந்து "டூ நாட் கால்" பதிவேடு இருக்கு, அதுல பேர் கொடுத்தவங்களுக்கு அவங்க சம்மதம் இல்லாம விளம்பர மெசேஜ் அனுப்பக்கூடாது, போன் நம்பருக்கு வாட்ஸ்அப்ல போறதும் அதுல சேரும். வாங்குறவங்ககிட்ட பொடியக் கொடுக்கும்போதே "அடுத்த தடவை அரைக்கும்போது சொல்லவா?"னு கேளுங்க, சரின்னா ஒங்க நம்பர சேவ் பண்ணச் சொல்லுங்க. சேவ் பண்ணலன்னா, ஒரே தடவைல நெறைய பேருக்கு அனுப்புற பிராட்காஸ்ட் மெசேஜ் அவங்களுக்குப் போகவே போகாது.

லெட்டர ஊருக்கே பேசுற மாதிரி எழுதாதீங்க, "வாடிக்கையாளப் பெருமக்களே" எல்லாம் வேணாம். ஒங்ககிட்ட வழக்கமா வாங்குறவங்கள்ல ஒருத்தர மனசுல வச்சுகிட்டு அவங்களுக்கு எழுதுங்க. தீபாவளி வாரம் பலகாரம் சுடவே நேரம் இருக்காது, மறுநாள் காலையில இட்லிக்கு சட்னி அரைக்க யாருக்கும் தெம்பு இருக்காது, வீடு நெறைய விருந்தாளி. பொடி எதுக்குன்னு அங்க புரிஞ்சிடும். அப்புறம் விலை, கடைசி நாள், எப்படி சொல்றதுன்னு முடிச்சிடுங்க. இனிமே மெசேஜ் வேணாம்னா "வேணாம்"னு அனுப்புனா போதும்னு கடைசியில ஒரு வரி.

காப்பிஓ:

ஒண்ணு சேத்துக்குறேன். கரோசல்ல தேடித்தான் வருவாங்க, அதனால தலைப்புல "அன்பின் சுவை" மாதிரி போடாம இட்லி பொடி, மொளகாப்பொடினு தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் போடுங்க, வடநாட்டுக்காரங்க "கன்பவுடர்"னு தேடுவாங்க, அதையும் விவரத்துல எழுதுங்க. போட்டோல பாக்கெட் மட்டும் இல்லாம தட்டுல நல்லெண்ணெய் ஊத்திக் குழைச்சதையும் காட்டுங்க, தோல் உளுந்தோட நிறம் அதுலதான் தெரியும். ஒரே நாள்ல போட்டோ, விலை, தலைப்பு மூணையும் மாத்திடாதீங்க, எதனால ஆர்டர் வந்துச்சுன்னே தெரியாமப் போயிடும். இந்த வாரம் எழுத்து மட்டும் மாறட்டும், போட்டோ அடுத்த சனிக்கிழமை.

மல்லிப்பொடி:

எழுத்த மாத்திப் போட்டாச்சு. லெட்டர இன்னைக்கு ராத்திரி எழுதி இங்க போடுறேன், அனுப்புறதுக்கு முன்னாடி யாராவது ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க.