4 அடி ரீஃப் தொட்டியில் கல் அடுக்கு: அழகும் வேண்டும், கையும் நுழைய வேண்டும்

உப்புத்தண்ணி:
பவளமும் கடல் மீனும் வளர்க்கும் தொட்டி, 120 × 45 × 50 செ.மீ., கீழே சம்ப் (வடிகட்டும் துணைத் தொட்டி). உலர் கல் 25 கிலோ வாங்கி வைத்தாச்சு, தண்ணீர் இன்னும் விடவில்லை. மீன்: க்ளவுன் ஜோடி, பிஸ்டல் இறாலோடு ஒரு வாட்ச்மேன் கோபி, கடைசியாக ஒரு மஞ்சள் டாங். பவளம்: கீழே ஸோவா, நடுவில் ஹாமரும் டார்ச்சும், உச்சியில் இரண்டு மூன்று அக்ரோபோரா. பின் கண்ணாடி நெடுக ஒரு கல் சுவர், நடுவில் பெரிய வளைவு என்று வரைந்திருக்கிறேன். பார்க்க நிறைவாக இருக்கிறது. ஆனால் சுவருக்குப் பின்னால் அழுக்கு சேரும் என்கிறார்கள். சுவரைக் கைவிடத்தான் வேண்டுமா? வளைவை எதை வைத்து ஒட்டுவது?

பாசிவேட்டை:
சுவரை விட்டுவிடுங்கள். அழுக்கு ஒரு காரணம்தான். சுவர் கட்டினால் 45 செ.மீ. ஆழமுள்ள தொட்டி 20 செ.மீ. தொட்டியாகத் தெரியும், அதுதான் பெரிய நஷ்டம். நிஜப் பவளப் பாறையின் கடல் பக்கத்துச் சரிவைப் பாருங்கள், ஃப்ளோரிடாவின் லூ கீ நல்ல உதாரணம்: பாறை வரப்பு, மணல் வாய்க்கால், மறுபடி வரப்பு. அலை அந்த வாய்க்கால் வழியாகப் போய்வந்து மணலையும் கசடையும் நகர்த்துகிறது. கண்ணுக்கு அழகாகப் படுவதும் அந்த வாய்க்கால்தான்.

உங்கள் அளவுக்கு, இடமிருந்து வலம்: 12 செ.மீ. காலி, 50 செ.மீ. பெரிய திட்டு, 18 செ.மீ. மணல், 28 செ.மீ. சின்னத் திட்டு, 12 செ.மீ. காலி. பெரிய திட்டின் உச்சி இடது கண்ணாடியிலிருந்து 40 செ.மீ.யில், அதாவது மூன்றில் ஒரு பங்கில். நடுவில் வைத்தால் கோபுரம் மாதிரி நிற்கும். மணல் வாய்க்காலைக் கோணலாக விடுங்கள், முன்னால் 18, பின்னால் போகப் போக 8. தொட்டி இருப்பதைவிட ஆழமாகத் தெரியும்.

முன் கண்ணாடிக்கும் கல்லுக்கும் 10 செ.மீ., பின்னால் 7. ஆக, கல்லுக்குக் கிடைப்பது 28 செ.மீ. குறைவு என்று தோன்றும். ஆனால் இடைவெளி 5 செ.மீ.யாக இருந்தால் மேக்னட் கிளீனர் (கண்ணாடியில் பாசி துடைக்கும் காந்தம்) இன்றைக்குப் போகும், ஸோவா கல்லின் ஓரத்தைத் தாண்டிப் படர்ந்த பிறகு போகாது. மேக்னட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு மணல் துகள் மாட்டினால் கீறல் நிரந்தரம்.

உயரம்: அடிக் கண்ணாடியிலிருந்து உச்சி 30 செ.மீ., சின்னத் திட்டு 20. நீர்மட்டம் 46 என்றால் மேலே 16 செ.மீ. மிஞ்சும். அந்த 16 அக்ரோபோரா வளர்வதற்கான இடம், கல்லால் நிரப்பிவிடாதீர்கள்.

25 கிலோவும் உள்ளே போகாது. 16 முதல் 18 கிலோ போதும்.

ஜெல்பசை:
ஒட்டும் வேலை பற்றி மட்டும் சொல்கிறேன். எபாக்சி புட்டி தனியாகக் கல்லைப் பிடிக்காது, அது இடைவெளியை நிரப்பும் சாந்து. பிடிப்பு தருவது சயனோஅக்ரிலேட் ஜெல், அதாவது கெட்டியான சூப்பர் க்ளூ. எனவே கல், ஜெல், எபாக்சி உருண்டை, ஜெல், கல் என்ற வரிசையில் வைத்து அழுத்தித் திருகி, பத்து நிமிடம் அசையாமல் முட்டுக்கொடுங்கள்.

சின்ன இணைப்புக்குத் தண்ணீர் மாதிரி மெல்லிய சூப்பர் க்ளூவும் கல் பொடியும் போதும். பொடியை இடுக்கில் அடைத்துச் சொட்டுவிட்டால் நொடியில் இறுகும். சூடும் புகையும் கிளம்பும். ஜன்னலைத் திறந்து, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

வளைவுக்குப் பசையை மட்டும் நம்பாதீர்கள். இறுகிய சயனோஅக்ரிலேட் கண்ணாடி மாதிரி, நேர் இழுவையைத் தாங்கும், ஒரு இடி பட்டால் விட்டுவிடும். 6 மி.மீ. ஃபைபர் கிளாஸ் அல்லது அக்ரிலிக் கம்பி, 7 மி.மீ. கான்கிரீட் பிட், இரண்டு கல்லிலும் 4 செ.மீ. துளை. ட்ரில்லில் ஹேமர் மோடை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கல் பிளந்துவிடும். ஸ்டெயின்லெஸ் கம்பியும் உப்புநீரில் துருப்பிடிக்கும், அது வேண்டாம்.

எல்லாம் தொட்டிக்கு வெளியே. தரையில் 120 × 45 டேப் ஒட்டி, இடைவெளிகளையும் குறித்துக்கொண்டு அடுக்குங்கள். 24 மணி நேரம் கழித்து உச்சிக் கல்லைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லேசாகக் 'கறக்' என்றாலும் அந்த மூட்டைப் பிரித்து மறுபடி ஒட்டுங்கள்.

உப்புத்தண்ணி:
மணல் போட்டு அதன் மேல் கல்லா, கல் வைத்து மணலா? இன்னொன்று, 7 கிலோ கல்லைக் குறைத்தால் மீன் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாவுக்கு இடம் போதுமா?

ஜெல்பசை:
கல் முதலில். பிஸ்டல் இறால் தோண்டிக்கொண்டே இருக்கும். மணல் மேல் உட்கார்ந்த கல்லின் அடியை அரித்தால் திட்டு சாயும், பக்கத்தில் இருப்பது கண்ணாடி. போர்டு எழுதும் கடையில் 4 மி.மீ. அக்ரிலிக் துண்டு வாங்கி, திட்டின் அடியளவுக்கு வெட்டிப் போட்டு, அதன் மேல் கல். ஒவ்வொரு அடிக்கல்லும் மூன்று புள்ளியில் ஊன்றி, கை வைத்தால் ஆடாமல் நிற்க வேண்டும். பிறகு 4 செ.மீ. மணல்.

பாசிவேட்டை:
பாக்டீரியாவுக்கு மிச்சக் கல்லைச் சம்பில் போடுங்கள், அல்லது ஒரு நுண்துளைப் பீங்கான் பிளாக் வையுங்கள். உலர் கல் பாசியை வளர்க்கும் பாஸ்பேட்டைக் கசியவிடலாம். ஆர்ஓ தண்ணீரில் ஒரு வாரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைச் சோதித்துவிட்டு அடுக்குவது நல்லது.

மூன்றாம்_அலை:
பாசிவேட்டை சொன்ன அளவுகள் சரி, ஆனால் படம் எடுக்கிற ஆசையில் திட்டை ஒல்லியாக்கிவிடாதீர்கள். மஞ்சள் டாங் இரவில் ஒரு பிளவில் உடம்பைச் செருகிக்கொண்டுதான் தூங்கும். குகை ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாய் வேண்டும். ஒரே வாய் இருந்தால் துரத்தப்படுகிற மீன் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். குகை வாய் உங்கள் விரல் நுழையும் அகலமாவது இருக்கட்டும், செத்த மீனை எடுக்க வேண்டி வரும்.

வளைவு பெரிய திட்டிலேயே இருக்கட்டும், ஆனால் மேல்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையாக. கூரான உச்சியில் ஃப்ராக் பிளக் (பவளத் துண்டு ஒட்டியிருக்கும் சின்ன வட்டு) உட்காராது. தட்டின் விளிம்பு நீண்டால் கீழே நிழல் விழும்: அக்ரோபோராவுக்கு 200 முதல் 350 பார் (PAR, பவளத்துக்குக் கிடைக்கும் ஒளியின் அளவு) தேவை, ஸோவாவுக்கு 50 முதல் 100 போதும். நிழல் ஓரம் ஸோவாவுக்கு, முழு இருட்டு யாருக்கும் இல்லை, அங்கே கடற்பஞ்சு தானாக வரும்.

டார்ச்சை ஹாமருக்கு நடுவே வைக்காதீர்கள். இரவில் துடைப்புக் கைகளை, அதாவது பக்கத்துப் பவளத்தைக் கொட்டும் நீண்ட இழைகளை, டார்ச் நீட்டும். டார்ச்சைச் சுற்றி 15 செ.மீ. விட்டு, அதைச் சின்னத் திட்டிலும் ஹாமரைப் பெரிய திட்டிலும் பிரித்தால் வாய்க்காலே எல்லையாகிவிடும்.

நீரோட்டம் மணிக்கு 5400 முதல் 8100 லிட்டர், இரண்டு பக்கமும் ஒவ்வொரு வேவ் மேக்கர் (அலை கிளப்பும் பம்ப்). தண்ணீர் விட்டதும் ஒரு சிட்டிகை உறைந்த மைசிஸை (பொடி இறால் மாதிரியான மீன் உணவு) பின்பக்கம் விட்டு, 5 நிமிடம் எங்கே தங்குகிறது என்று பாருங்கள். தங்குகிற இடத்தில் நாளைக்குக் கசடும், அதற்கடுத்து சிவப்பு சயனோவும் (பாசி போலப் படரும் பாக்டீரியா) தங்கும். உப்பு கலப்பதற்கு முன்பே அந்தக் கல்லைத் திருப்பி வைத்துவிடுங்கள்.

உப்புத்தண்ணி:
சரி, வளைவு பெரிய திட்டுக்குள், சுவர் கிடையாது. நாளைக்கு டேப் வாங்கித் தரையில் குறித்துப் படம் போடுகிறேன். உச்சி 30க்கு மேல் போனால் திட்டுங்கள்.