இன்னும் வாயில் ஜெடிக்ஸ் என்றுதான் வருகிறது

தங்கச்சிமடத்தான்

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மீன்பிடித் தடைக்காலம், படகெல்லாம் கரையில், அதனால் மச்சானும் வீட்டில்தான் இருந்தார். மருமகன் தரையில் குப்புறப் படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தான், மூலையில் சூப்பர் ஹங்காமா என்று இருந்தது. "என்னடா, ஜெடிக்ஸா?" என்று கேட்டுவிட்டேன். "அப்படீன்னா என்ன மாமா?" என்றான். சொல்ல ஆரம்பித்து அரை மணி நேரம் ஆகிவிட்டது, மச்சான்கூட வலையை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டார். அதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். நம் கடற்கரைப் பக்கத்தில் இந்தச் சேனலோடு வளர்ந்தவர்கள் இருந்தால் உங்கள் கதையையும் சொல்லுங்கள்.

முதலில் வரலாறு, ஏனென்றால் பாதிப் பேர் இதெல்லாம் வேறு வேறு சேனல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரே சேனல்தான், நான்கு பெயர். 2004 டிசம்பர் 17-ல் டிஸ்னி சேனலும் டூன் டிஸ்னியும் ஒன்றாக இந்தியாவுக்கு வந்தன. (அதற்கு ஒன்பதாம் நாள் சுனாமி. நமக்கு முன்னால் இலங்கை மறைத்து நின்றதால் நாகப்பட்டினம் மாதிரி அடி விழவில்லை, ஆனால் அந்த மாதம் யார் வீட்டு டிவியிலும் செய்தியைத் தவிர எதுவும் ஓடவில்லை.) டூன் டிஸ்னிக்குள் ஜெடிக்ஸ் என்று ஒரு பகுதி. சண்டைக் கார்ட்டூன்கள், ஐந்து நிறத்தில் உடை போட்டுக்கொண்டு அரக்கர்களோடு மோதும் அந்தக் கூட்டம், எல்லாம் அதில்தான். எங்கள் தெருவில் சேனலின் பெயரே ஜெடிக்ஸ் ஆகிவிட்டது, டூன் டிஸ்னி என்று ஒருவனும் சொன்னதில்லை. 2009 நவம்பர் 14-ல் அது டிஸ்னி எக்ஸ்டி ஆனது. 2019 ஜனவரி 20-ல் மார்வெல் எச்க்யூ. 2022 மார்ச் 1-ல் சூப்பர் ஹங்காமா.

அந்த 2009 நவம்பர் 14 எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. சனிக்கிழமை, குழந்தைகள் தினம், நான் ஏழாம் வகுப்பு. மழை மாதம், கடல் கலங்கிக் கிடந்தது. எங்கள் வீட்டு டிவிக்கு வரும் கேபிள் முனை உப்புக்காற்றில் வெள்ளையாகப் பூத்துப்போகும், வாரம் ஒரு தடவை அதைக் கழற்றி, பழைய பிளேடால் சுரண்டி, உள்ளே தாமிரக் கம்பி பளிச்சென்று தெரிந்த பிறகு திரும்பக் குத்தினால்தான் படம் நிற்கும். அன்றைக்கும் சுரண்டி மாட்டினேன். படம் வந்தது, ஜெடிக்ஸைக் காணோம். கறுப்பும் பச்சையுமாக ஏதோ எழுத்து. கம்பியைச் சரியாகக் குத்தவில்லை என்று நினைத்து மறுபடி கழற்றினேன், மறுபடி சுரண்டினேன், மூன்று தடவை. நான்காவது தடவை தம்பிதான் சொன்னான், "அண்ணே, விடு, அதே குரல்தான்."

அவன் சொன்னதுதான் விஷயம் என்று இப்போது நினைக்கிறேன். தமிழில் பேசிய அந்தக் குரல்கள் யாருடையவை என்று எங்களுக்குத் தெரியாது, முடிவில் ஓடும் எழுத்துகளில் அந்தப் பெயர்களை நான் பார்த்ததே இல்லை. ஆனால் லோகோ மாறினாலும் அந்தக் குரல் இருந்தால் அது எங்கள் சேனல். குரல் மாறினால் லோகோ அதேதான் என்றாலும் வேறு சேனல்.

டிஸ்னி எக்ஸ்டி காலத்தில்தான் அப்பாவும் எங்களோடு உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தார். ஏப்ரல் 15 வந்தால் தடைக்காலம், அப்போதெல்லாம் 45 நாள். படகைக் கரையேற்றி பெயின்ட் அடிக்கும் வேலை முடிந்துவிட்டால் மதியத்துக்கு மேல் அப்பாவுக்கு ஓட்டமில்லை. கோடை விடுமுறை 104 நாளும் தினம் ஒன்றைக் கட்டி எழுப்பும் இரண்டு அண்ணன் தம்பிகளின் கார்ட்டூன் ஓடும். கொல்லைப்புறத்தில் ரோலர் கோஸ்டர், கடற்கரை, ராக்கெட். அப்பா வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டே ஒரு கண்ணால் பார்ப்பார். ஒரு நாள் கேட்டார், "எத்தன நாளு லீவுங்கிறான்?" "நூத்தி நாலு." கொஞ்ச நேரம் பேசவில்லை. "நமக்கு நாப்பத்தஞ்சே தாங்கலயேப்பா" என்றார். அந்த வருடம் வட்டிக்கு வாங்கித்தான் சாப்பிட்டோம் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். 2017-ல் தடைக்காலத்தை 61 நாள் ஆக்கியபோது நான் திருப்பூரில் வேலையில் இருந்தேன், அப்பா போனில் முதலில் சொன்னது, "அந்தப் பயலுவ லீவு மாதிரி ஆயிருச்சுடா" என்றுதான்.

எனக்குக் கொஞ்சம் வருத்தமும் உண்டு. டிஸ்னி எக்ஸ்டியை 6 முதல் 14 வயது வரை என்று கணக்கிட்டுத்தான் அமெரிக்காவில் 2009 பிப்ரவரியில் ஆரம்பித்தார்கள். 14 தாண்டினால்? அதே 2009 செப்டம்பரில் அங்கே 'தி என்' என்ற சேனலை டீன்நிக் என்று பெயர் மாற்றினார்கள், பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கென்றே முழு நேரச் சேனல். இங்கே ஒன்பதாம் வகுப்பு வந்த பையனுக்குப் பாட்டுச் சேனல், இல்லையென்றால் அம்மாவோடு சீரியல். நம் வயதில் ஒருவன் பள்ளியில் என்ன படுகிறான், வீட்டில் என்ன மறைக்கிறான் என்று தமிழில் பேசிய ஒரு சேனலை நான் பார்க்கவே இல்லை.

2019 கதை சுருக்கமானது. மார்வெல் எச்க்யூ என்று பெயர் மாறி பத்துப் பன்னிரண்டு நாளில், பிப்ரவரி 1-லிருந்து புதுக் கட்டண முறை வந்தது. 100 சேனலுக்கு 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு, அதற்கு மேல் கட்டணச் சேனல் ஒவ்வொன்றையும் நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். அம்மா போன் செய்து பட்டியலை வாசித்துக்கொண்டே வந்தார். "மார்வெல்னு ஒண்ணு இருக்கு, இது யாரு பாக்குறா, எடுத்துரவா?" "எடுத்துருங்கம்மா" என்றேன். எதை நீக்கச் சொன்னேன் என்று மருமகனிடம் கதை சொன்ன அன்றைக்குத்தான் உறைத்தது.

கீழக்கரை லாத்தா

படித்துவிட்டு அழுகை வந்துவிட்டது தம்பி. என் கதை வேறு மாதிரி.

டிஸ்னி எக்ஸ்டி ஆம்பளைப் பிள்ளைகளை மனதில் வைத்து ஆரம்பித்த சேனல் என்று பல வருடம் கழித்துத்தான் படித்தேன். அதை எங்கள் தெருவில் விடாமல் பார்த்தது நாங்கள் நாலு பொம்பளைப் பிள்ளைகள். நான் பெரிய மனுஷியானது 2010-ல். அதற்கு முந்தின வாரம்வரை தெருவில் ஓடிப் பிடித்து விளையாடியவள், அப்புறம் பள்ளிக்கூடம் விட்டால் வீடு, வீடு விட்டால் பள்ளிக்கூடம். வாப்பா சவூதியில். உம்மா என்னைக் கஷ்டப்படுத்தவில்லை, ஊர் வழக்கம் அப்படி. அந்த இரண்டு வருடம் வெளியே நடந்த எல்லாமே எனக்கு அந்த டிவிக்குள்தான் நடந்தது. ஸ்கேட்டிங் போர்டில் மலையிலிருந்து குதிக்கிற பையன், மரத்து மேல் வீடு, ராத்திரியில் நண்பர்கள் கூடுகிற இடம். காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) வந்து "இது பசங்க பாக்குறது" என்று ரிமோட்டைப் பிடுங்கினால் அன்றைக்கு வீட்டில் போர்தான்.

2012 இறுதியில் நிக் ஜூனியர் வந்தது. பகலில் சின்னப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகள், இரவில் அதே சேனலில் டீன் நிக் என்று பதின்ம வயதுக்காரர்களுக்கான நாடகங்கள். எல்லாம் ஆங்கிலம். எல்லோரும் தூங்கிய பிறகு சத்தத்தை இரண்டு புள்ளிக்குக் குறைத்து வைத்து, திரையோடு ஒட்டிக்கொண்டு பார்ப்பேன். பாதி புரியாது. ஆனால் அதில் ஒரு பொண்ணு தன் உம்மாவிடம் கத்திவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அப்புறம் தானே திறந்துகொண்டு வருவாள். அது எந்த மொழியாக இருந்தாலும் எனக்குப் புரிந்தது. 2017-ல் அந்த இரவுப் பகுதியை நிறுத்திவிட்டார்கள், அப்போது எனக்கு நிக்காஹ் ஆகி துபாயில் இருந்தேன். தமிழில் வந்திருந்தால் எங்கள் தெருவில் நான் மட்டும் பார்த்திருக்க மாட்டேன், என் கூட்டாளிகள் மூன்று பேரும் பார்த்திருப்பார்கள்.

பாம்பன் கேபிள் லைன்

தம்பி, தங்கச்சி, இரண்டு பேருக்கும் ஒரு விஷயம் சொல்கிறேன். 2003 முதல் 2017 வரை பாம்பன், அக்காள்மடம் பக்கம் கேபிள் லைன் பார்த்தவன் நான்.

நீங்கள் சொல்கிற அந்தத் தமிழ்க் குரல் தானாக வரவில்லை. சாட்டிலைட்டிலிருந்து படம் ஒன்றுதான் வரும், அதனோடு சேர்ந்து ஆங்கிலம், இந்தி, தமிழ், தெலுங்கு என்று ஆடியோ தனித்தனியாக வரும். கன்ட்ரோல் ரூமில் ஒவ்வொரு கட்டணச் சேனலுக்கும் ஒரு டிகோடர் பெட்டி. அதில் எந்த ஆடியோவை வைக்கிறோமோ அதுதான் ஊர் முழுக்கப் போகும், பழைய கேபிளில் வீட்டிலிருந்து மாற்ற வழியே கிடையாது. எங்கள் பெட்டியில் ஒரு கோளாறு, கரண்ட் போய்த் திரும்ப வந்தால் தமிழ் போய் இந்திக்குத் தாவிவிடும். 2012-ல் மின்வெட்டு எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். கரண்ட் வந்த ஐந்தாவது நிமிடம் போன் அடிக்கும். பெரியவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள், எல்லாம் பிள்ளைகள். "அண்ணே, தமிழ் போடுங்க." பெயர் சொல்ல மாட்டார்கள், எந்தச் சேனல் என்றும் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான், வைத்துவிடுவார்கள். எனக்குத் தெரியும் எந்தப் பெட்டி என்று. சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் கழுவிவிட்டுப் போய் மாற்றிவிட்டுத்தான் வருவேன். முதலாளி "சின்னப் பிள்ளைகளுக்காக மாடி ஏறி இறங்குறியே" என்பார். எனக்கு அது ஒரு சந்தோஷம். நான் படித்தது எட்டாவதுவரை, எனக்கு அந்த வயதில் இப்படி ஒன்று கிடைக்கவில்லை.

தம்பி, முனையைச் சுரண்டினால் மட்டும் போதாது, கம்பியை ஒரு இன்ச் வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவ வேண்டும். உப்பு உள்ளே ஏறியிருக்கும்.

தேவிபட்டினம் பெரியவர்

உங்கள் எல்லோருக்கும் முந்தின தலைமுறை நான். இராமேஸ்வரத்தில் 323 மீட்டர் உயரத்துக்குத் தூர்தர்ஷன் டவர் நிற்கிறதே, அதெல்லாம் வருவதற்கு முன் எங்களுக்கு டிவி என்றால் ரூபவாஹினி. 1982 பிப்ரவரியில் கொழும்பில் ஆரம்பித்தார்கள். சென்னை எங்களுக்குத் தெரியாது, இலங்கை தெளிவாகத் தெரிந்தது. நீளமான குழாயில் ஆன்டெனாவைக் கட்டி, ஒருவன் மாடியில் திருப்ப, ஒருவன் கீழிருந்து "நிறுத்து, நிறுத்து" என்று கத்த, கடல் அமைதியாக இருக்கும் சாயங்காலங்களில் படம் கண்ணாடி மாதிரி இருக்கும்.

அதில் வெளிநாட்டுக் கார்ட்டூன்களைச் சிங்களத்தில் பேச வைத்துப் போடுவார்கள். டைட்டஸ் தொடவத்த என்ற சினிமா இயக்குநர்தான் அந்த டப்பிங் வேலையை வளர்த்தெடுத்தவர் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். பாட்டு, பழமொழி எல்லாம் அவர்கள் ஊர்க் கதை மாதிரியே இருக்கும். எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. இருந்தும் என் தம்பிமார்கள் சிங்களத்தில் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு திரிவார்கள். இலங்கையில் தமிழர்களுக்கு எதிராகக் கலவரம் நடந்த 1983 ஜூலைக்குப் பிறகு அப்பா ஆன்டெனாவை வடக்கே திருப்பச் சொல்லிவிட்டார். வடக்கே புள்ளிதான் தெரிந்தது. சில மாதம் புள்ளியையே பார்த்தோம்.

தங்கச்சிமடத்தான்

ஐயா, இதை நான் கேள்விப்பட்டதே இல்லை. அப்பாவிடம் கேட்கிறேன், அவருக்கும் அந்த வயதுதான்.

லாத்தா, தமிழில் வந்திருந்தால் என்று நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன்.

கேபிள் அண்ணே, எங்கள் லைன் அக்காள்மடம் வழியாகத்தான் வந்தது. அப்படியென்றால் "தமிழ் போடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தவர்களில் நானும் என் தம்பியும் உண்டு. தம்பிதான் டயல் செய்வான், பேசச் சொன்னால் வெட்கப்பட்டு என்னிடம் தந்துவிடுவான். அந்தக் கன்ட்ரோல் ரூம் எங்கே அண்ணே இருந்தது? அடுத்த தடவை ஊருக்கு வரும்போது வந்து பார்க்கிறேன்.

பாம்பன் கேபிள் லைன்

ரோட்டுப் பாலம் இறங்கினதும் இடது கைப்பக்கம், மாடி. இப்போது கீழே வலைக்கடை. டிஷ் கழற்றிவிட்டார்கள், அது நின்ற நாலு போல்ட் மட்டும் மொட்டை மாடியில் இருக்கிறது. வா தம்பி, தம்பியையும் கூட்டிக்கொண்டு வா.