புதுப்பிப்பு: சமோவா கிராமத்தில் எங்கள் குடும்பம்

பசிபிக் நாடான சமோவாவின் உபோலு தீவுக் கிராமத்தில் குடியேறியபோது, மாலைப் பிரார்த்தனை நேரத்தில் வெளியே நடமாடலாமா, ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதியவர்களுக்கு நன்றி.

மாலையில் சங்கோ மணியோ ஒலித்ததும் 'சா' எனப்படும் பிரார்த்தனை நேரம் தொடங்கிவிடும். கிராமத்து இளைஞர்கள் சாலையோரம் காவல் நிற்பார்கள். நாங்களும் வீட்டுக்குள் இருந்துவிடுகிறோம். கொஞ்ச நேரம்தான், பிள்ளைகளுக்கும் பழகிவிட்டது.

ஞாயிறு விடியும்போதே ஊரெங்கும் உமு என்ற கல் அடுப்பின் புகை. சூடேறிய கற்களில் சேப்பங்கிழங்கு, பச்சை வாழைக்காய், அப்புறம் இளம் சேப்ப இலையில் தேங்காய்ப்பாலும் வெங்காயமும் பொதிந்த பாலுசாமி. தேவாலயம் முடிந்ததும் பக்கத்து வீட்டு அம்மா ஒரு தட்டு அனுப்பிவிடுவார். நாங்கள் சைவம் என்று தெரிந்ததிலிருந்து எங்கள் தட்டில் பாலுசாமி மட்டும் கூடுதலாக வருகிறது. அந்த அக்கறைக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

அக்டோபர் இரண்டாம் ஞாயிறு குழந்தைகளுக்கான திருநாள். எங்கள் மகளும் வெள்ளை உடையில் மற்ற பிள்ளைகளோடு பாடினாள். அன்று குழந்தைகள்தான் முதலில் சாப்பிடுவார்கள், பெரியவர்கள் பரிமாறுவார்கள். மறுநாள் நாடு முழுக்க விடுமுறை.

துக்க வீட்டுக்கு எவ்வளவு கொடுப்பது என்பதில்தான் இன்னும் தயக்கம். இங்குள்ள வழக்கப்படி பாய் நெய்து தர வேண்டாம், உறையில் பணம் வைத்தால் போதும் என்கிறார் பக்கத்து வீட்டு அம்மா. அப்படியே செய்யப்போகிறோம்.