இரட்சிப்பின் நிச்சயம்: சிலுவைக் கள்ளன் விதிவிலக்காம்!

பெரோயன்:
பெரிய வெள்ளிக்கு மாமனார் ஊர் சபையில் மும்மணி ஆராதனை. ஆண்டவர் சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் இரண்டாம் வார்த்தைக்கு வெளியூரிலிருந்து ஒருவரை அழைத்திருந்தார்கள். "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று பக்கத்துச் சிலுவைக் கள்ளனுக்கு ஆண்டவர் சொன்னதை வாசித்துவிட்டு, அடுத்த மூச்சிலேயே "இது அந்தக் கள்ளனுக்கு மட்டும், நீங்கள் ஆசைப்படாதீர்கள்" என்கிறார். அவன் ஆண்டவருடைய மரணத்துக்கு முந்தின பழைய உடன்படிக்கையில் செத்தவனாம். நமக்கு முழுக்கு ஞானஸ்நானம் வேண்டுமாம், கடைசி மூச்சுவரை நிலைத்திருக்கவும் வேண்டுமாம், அதன்பிறகுதான் பரலோகம் கிடைக்குமா என்று தெரியுமாம். மூன்றாவது பெஞ்சில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே கஞ்சி ஊற்றுகிற இடத்தில் அவரைப் பிடித்துக் கேட்கலாம் என்று போனால், ஆள் காரில் ஏறிவிட்டார்.

அவரிடம் கேட்க நினைத்ததை இங்கே கேட்கிறேன். யோவான் 19:32, 33. சேவகர் வந்து, சீக்கிரம் சாகட்டும் என்று கள்ளர் இருவருடைய காலெலும்புகளையும் முறித்தார்கள். இயேசுவிடம் வந்தபோது அவர் ஏற்கெனவே மரித்திருந்தார். அப்படியானால் முதலில் மரித்தது யார்? ஆண்டவர். கள்ளன் அவருக்குப் பிறகுதான் செத்தான். அவன் எப்படி ஐயா பழைய உடன்படிக்கைக்காரன் ஆவான்?

சீயோன்வாசி:
ஸ்தோத்திரம் பிரதர். பேசியவர் சரியாகத்தான் பேசியிருக்கிறார், உங்களுக்குத்தான் கசக்கிறது. எபிரெயர் 9:17-ஐயும் கொஞ்சம் படியுங்கள். மரணசாசனம், அதாவது உயில், எழுதினவன் உயிரோடிருக்கையில் அதற்குப் பெலனில்லை. ஆண்டவர் அந்த வாக்கைக் கொடுத்தது உயிரோடு இருக்கும்போது. உயிரோடு இருக்கிறவர் தன் சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் கையால் எடுத்துக் கொடுக்கலாம். திமிர்வாதக்காரனுக்கு மாற்கு 2-இல் பாவமன்னிப்பு கொடுக்கவில்லையா? அவர் மரித்த பிறகு சாசனத்தில் எழுதியிருப்பதுதான் சட்டம். அதில் என்ன எழுதியிருக்கிறது? மாற்கு 16:16, அப்போஸ்தலர் 2:38, இரண்டிலும் ஞானஸ்நானம். மத்தேயு 28:19-இல் கட்டளை கொடுத்ததே உயிர்த்தெழுந்த பிறகுதான். வராத கட்டளைக்குக் கள்ளன் எப்படிக் கீழ்ப்படிவான்?

பெரோயன்:
சுற்றி வளைக்காதீர்கள். வாக்கு எப்போது கொடுக்கப்பட்டது என்று நான் கேட்கவே இல்லை. அவன் எப்போது செத்தான்? காலெலும்பு முறிக்கப்பட்டது ஆண்டவர் மரித்த பின்னா, முன்னா? ஒரு வார்த்தையில் பதில் போதும்.

கடலோர அந்தோணி:
தம்பிமார்களே, நாங்கள் நல்ல கள்ளன் என்று சொல்லும் ஆளைப் பிடித்து இந்தப் பாடு படுத்துகிறீர்களே. இது புதுச் சண்டை இல்லை. அவனுக்குத் திருமுழுக்கு கிடைக்காவிட்டாலும் விசுவாசமே போதுமானதாக இருந்தது என்று புனித அகுஸ்தீன் ஒரு காலத்தில் எழுதினார். வயதான காலத்தில் தன் நூல்களையெல்லாம் திரும்பப் பார்த்தபோது, அவன் திருமுழுக்குப் பெறாதவன் என்பதே உறுதியாகத் தெரியாது என்று குறித்து வைத்தார். அவருக்கே உறுதி இல்லை, உங்களுக்கு எங்கிருந்து வந்தது?

அப்புறம் அந்த "நிச்சயம்" என்கிற பேச்சு. எங்கள் கத்தோலிக்கத் திருச்சபையின் திரிதெந்து பொதுச்சங்கம் 1547-இல் அதற்கும் பதில் சொல்லிவிட்டது. கடவுளின் தனி வெளிப்பாடு இல்லாமல், கடைசிவரை நிலைத்திருப்பேன் என்று யாரும் அடித்துச் சொல்லக் கூடாது. நம்பிக்கை வேறு, மார்தட்டுவது வேறு.

பெரோயன்:
வந்துவிட்டார். அண்ணே, 1547-க்கு முன்பே யோவான் தன் முதல் நிருபத்தை எழுதிவிட்டார். 5:13, நித்தியஜீவன் உண்டென்று "அறியும்படிக்கு" எழுதியிருக்கிறேன் என்கிறார். ஒருவேளை இருக்கலாம் என்று நினைக்கும்படிக்கு என்று எழுதவில்லை. உங்கள் சங்கம் அந்த வசனத்தை வாசித்ததா?

சீயோன் பிரதர், காலெலும்பு?

தரங்கை லுத்தரன்:
ஐயா, இரண்டு பேரும் ஒரு விஷயத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். ஞானஸ்நானத்தையும் நிச்சயத்தையும் எதிரெதிராக ஏன் நிறுத்த வேண்டும்? பாவமும் மனச்சாட்சியும் நெருக்கும்போது "ஆனாலும் நான் ஞானஸ்நானம் பெற்றவன்" என்று சொல்லி நிற்கச் சொல்கிறார் லூத்தர், 1529-இல் எழுதிய பெரிய ஞானோபதேசத்தில். மனிதன் தண்ணீரில் செய்யும் கிரியையைப் பார்க்கச் சொல்லவில்லை. தேவன் தண்ணீரோடு கொடுத்த வார்த்தையைப் பார்க்கச் சொல்கிறார். உங்களுக்குள்ளே தேடினால் நிச்சயம் கிடைக்காது. வெளியே, சிலுவையில் தேடுங்கள்.

சீயோன்வாசி:
லுத்தரன் ஐயா, குழந்தை நெற்றியில் மூன்று சொட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டு அதற்கு ஞானஸ்நானம் என்று பெயர் வைக்கிறவர்கள் இதில் பேசாமல் இருப்பது நல்லது. அந்தக் குழந்தைக்குத் தெரியுமா தான் எதை விசுவாசித்தோம் என்று? அப்போஸ்தலர் 8-இல் எத்தியோப்பிய மந்திரி பிலிப்புவுடன் தண்ணீருக்குள் இறங்கினான். ரதத்தில் உட்கார்ந்தபடியே தெளித்துக்கொள்ளவில்லை.

தரங்கை லுத்தரன்:
பிலிப்புவும்தான் தண்ணீருக்குள் இறங்கினார். இறங்குவதுதான் முழுக்கு என்றால் பிலிப்புவுக்கும் அன்றைக்கு இரண்டாம் ஞானஸ்நானம் ஆகியிருக்கும்.

சீயோன்வாசி:
இந்த நக்கலை 1706-லிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம் ஐயா. அன்றைக்குத் தரங்கம்பாடியில் கப்பலில் வந்து இறங்கியது உங்கள் மிஷனரி சீகன்பால்குதான், பரிசுத்த ஆவியானவர் இல்லை.

முன்னாள் கொயர்:
விசுவாசம் இல்லாதவன் நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். பழக்கதோஷத்தில் படிக்கிறேன். "நிச்சயம்" என்று நீங்கள் ஒவ்வொருவரும் எதைச் சொல்கிறீர்கள்? இப்போது மன்னிப்புக் கிடைத்திருக்கிறது என்பதா, இனி அதை இழக்கவே முடியாது என்பதா, மனதில் வரும் ஒரு நிம்மதியா? மூன்றும் வேறு வேறு இல்லையா? மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லிக்கு 1738 மே 24-ஆம் தேதி லண்டனில், ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தபோது நிச்சயம் வந்தது. ஆனாலும் விசுவாசி விழுந்துபோக முடியும் என்றுதான் அவர் கடைசிவரை போதித்தார். அதாவது முதல் அர்த்தத்தில் நிச்சயம் உண்டு, இரண்டாவதில் இல்லை. முதலில் இதைப் பிரித்துக்கொண்டு பேசினால் பாதிச் சண்டை குறையும்.

பெரோயன்:
அர்த்தமெல்லாம் அப்புறம் பார்க்கலாம் சார். காலெலும்பு முறிக்கப்பட்டதா இல்லையா? எருசலேமுக்கு வடக்கே 1968-இல் ஆணி அடித்த குதிகால் எலும்பே கிடைத்திருக்கிறது. அந்த ஆளுக்கும் கால் முறிக்கப்பட்டிருந்தது. யோவான் எழுதியது அப்படியே சரித்திரம்.

முன்னாள் கொயர்:
குதிகால் எலும்பும் ஆணியும் உண்மை. ஆனால் கால் முறிக்கப்பட்டது என்ற முடிவை 1985-இல் அதே எலும்புகளை மறுபடி ஆராய்ந்தவர்கள் ஏற்கவில்லை. அந்தத் தடயத்தை வைத்து அப்படிச் சொல்ல முடியாது என்றார்கள்.

பெரோயன்:
அதாவது வேதம் பொய்யா?

முன்னாள் கொயர்:
நான் சொன்னது வேறொரு ஆளின் எலும்பைப் பற்றி.

பெரோயன்:
சுத்தி சுத்தி அங்கேதான் வருவீர்கள் என்று தெரியும். கொயரை விட்டபோதே தெரியும்.

நெல்லைச் சீமை:
அண்ணாச்சிமாரே, ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன். எங்கள் தாத்தா போனபோது வீட்டு முற்றத்தில் பெட்டியை வைத்திருந்தோம். அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து தாத்தாவின் பழைய பைபிளை மடியில் வைத்திருந்தாள். ரோமர் 8 பக்கம் முழுக்க சிவப்புப் பென்சில் கோடு. மாலையோடு வந்த ஒருவர், மாலையைப் போடுவதற்கு முன்பே என் காதில் கேட்டார்: "முழுக்கு எடுத்திருந்தாரா தம்பி?" தாத்தா குழந்தைக்கே தெளிப்பு ஞானஸ்நானம் கொடுக்கும் சி.எஸ்.ஐ. சபையில் பிறந்து அங்கேயே வாழ்ந்தவர். நான் பதில் சொல்லவில்லை. அவர் உச்சுக்கொட்டிவிட்டு, "சரி, கர்த்தர் அறிவார்" என்றார். கர்த்தர் அறிவார் என்பதை அவர் சொன்ன தொனி இருக்கிறதே, அதைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. கள்ளனுக்கு ஒரு வாக்கு போதும், எங்கள் தாத்தாவுக்கு மட்டும் தொட்டித் தண்ணீரா?

சீயோன்வாசி:
தம்பி, உங்கள் தாத்தாவை நான் நியாயந்தீர்க்கவில்லை. ஆனால் உணர்ச்சியை வைத்து உபதேசம் செய்ய முடியாது. ரோமர் 10:9 என்ன சொல்கிறது? தேவன் அவரை மரித்தோரிலிருந்து எழுப்பினாரென்று இருதயத்தில் விசுவாசித்தால் இரட்சிக்கப்படுவாய். கள்ளன் சாகும்போது ஆண்டவர் இன்னும் எழும்பவே இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் செத்தவன் ஞாயிற்றுக்கிழமையை எப்படி விசுவாசிப்பான்? உயிர்த்தெழுதலை அறியாதவனை எடுத்துக்கொண்டு வந்து, உயிர்த்தெழுதலுக்குப் பிறகு வாழ்கிற நமக்கு மாதிரி என்று காட்டுகிறீர்கள். பேசியவர் சொன்னது இதைத்தான். கிறிஸ்து எழுந்திராவிட்டால் நீங்கள் இன்னும் உங்கள் பாவங்களில் இருப்பீர்கள் என்று 1 கொரிந்தியர் 15:17 சொல்கிறது. நிச்சயத்துக்கு ஆதாரம் காலியான கல்லறை. ரோமர் 6:4-இன்படி அதோடு இணைவது ஞானஸ்நானத்தில்.

பெரோயன்:
அப்பாடா, முதல்முறையாக வேதத்தைத் தொட்டுப் பேசியிருக்கிறீர்கள். அதற்கே பதில் தருகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

"ஆண்டவரே, நீர் உம்முடைய ராஜ்யத்தில் வரும்போது அடியேனை நினைத்தருளும்." இதை யாரிடம் சொல்கிறான்? பக்கத்தில் ஆணியில் தொங்கி, மூச்சு விட முடியாமல் செத்துக்கொண்டிருக்கிற ஒருவரிடம். சீஷர்கள் ஓடிவிட்டார்கள். பேதுரு மூன்று தடவை மறுதலித்தாயிற்று. எம்மாவு கிராமத்துக்குப் போன சீஷர்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்கூட "நம்பியிருந்தோம்" என்று இறந்தகாலத்தில் புலம்பிக்கொண்டு நடந்தார்கள். இவன் ஒருவன்தான் சாகிறவரைப் பார்த்து "நீர் வரும்போது" என்கிறான். செத்தவர் எப்படி ராஜ்யத்தோடு வருவார்? எழும்பினால்தானே வர முடியும்! அன்றைக்கு அந்த மலையில் உயிர்த்தெழுதலை விசுவாசித்த ஒரே ஆள் அவன்தான் என்று நான் சொல்வேன். ரோமர் 10:9 அவனிடத்தில் நிறைவேறியது. தண்ணீர் ஒரு சொட்டும் இல்லை.

நமக்காக மரித்தார், நாம் நீதிமான்களாக்கப்படுவதற்காக எழுப்பப்பட்டார், ரோமர் 4:25. கடன் தீர்ந்ததற்கு ரசீது உயிர்த்தெழுதல். ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு "கடன் தீர்ந்ததா என்று சாகும்போது பார்ப்போம்" என்று சொல்வது ஆண்டவரை அவமதிப்பது. அப்போஸ்தலர் 10-இல் கொர்நேலியு வீட்டாருக்குப் பரிசுத்த ஆவி இறங்கியது தண்ணீருக்கு முன். 1 கொரிந்தியர் 1-இல், கிறிஸ்புவுக்கும் காயுவுக்கும் தவிர வேறொருவனுக்கும் ஞானஸ்நானம் கொடுக்காததற்காக ஸ்தோத்திரம் சொல்கிறார் பவுல். ஸ்தேவான் வீட்டாரை அப்புறம்தான் நினைத்துக்கொள்கிறார். இரட்சிப்பு அதில்தான் இருந்தால் அப்படி யாராவது ஸ்தோத்திரம் சொல்வானா?

இவ்வளவையும் விட்டுவிடுகிறேன். காலெலும்பு மட்டும் சொல்லுங்கள்.

கடலோர அந்தோணி:
பெரோயன் தம்பி, அதே நல்ல கள்ளன் ஒப்புக்கொண்டதையும் படியுங்கள். "நாம் நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம்." அவன் செய்தது பாவ அறிக்கை. மனஸ்தாபமும் இருந்தது. விசுவாசம் மட்டும் என்று நீங்கள் கத்தரித்துக்கொள்கிறீர்கள். உங்கள் லூத்தரன் ஆட்களே 1999-இல் ஆக்ஸ்பர்கில் எங்களோடு உட்கார்ந்து, நீதிமானாகுதல் பற்றிய கூட்டு அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்களே. 2006-இல் மெதடிஸ்டுகளும் சேர்ந்துகொண்டார்கள்.

பெரோயன்:
லூத்தரன்கள் என் ஆட்கள் என்று எப்போது சொன்னேன்? லுத்தரன் ஐயா, கையெழுத்து போட்டது நீங்கள், பதிலும் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

தரங்கை லுத்தரன்:
எல்லா லூத்தரன் சபைகளும் கையெழுத்து போடவில்லை. அது தனிக் கதை.

சீயோன்வாசி:
பெரோயன், நீங்கள் பிரசங்கம் எழுதலாம், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் "ஒருமுறை இரட்சிப்பு, எப்போதும் இரட்சிப்பு" என்று சொல்லிக்கொடுத்ததன் பலனைத் தெருவில் பார்க்கிறோம். கை தூக்கி ஜெபம் பண்ணினான், கார்டு நிரப்பினான், அடுத்த மாதம் பழையபடி குடி. கேட்டால் "எனக்குக் கன்ஃபர்ம் டிக்கெட் இருக்கு பிரதர்" என்கிறான். எபிரெயர் 6:4 முதல் 6 வரை என்ன செய்வீர்கள்? ருசிபார்த்தும் மறுதலித்துப் போனவர்களை மறுபடி மனந்திரும்பப்பண்ணுவது கூடாத காரியம் என்கிறதே. பிலிப்பியர் 2:12, பயத்தோடும் நடுக்கத்தோடும். நடுக்கமே இல்லாத நிச்சயம் எங்கே எழுதியிருக்கிறது?

பெரோயன்:
அடுத்த வசனத்தை விட்டுவிட்டீர்களே. 2:13, உங்களில் செய்கையை உண்டாக்குகிறவர் தேவன். எப்போதும் பாதி வசனம்தான் உங்களிடம் வரும். போன வருஷம் தசமபாகம் விவாதத்திலும் மல்கியா 3:10-ஐ வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஆடினீர்கள், 3:5-ஐ எடுத்துப் போட்டதும் காணாமல் போனீர்கள். விதவைகளை ஒடுக்குகிறவர்களைப் பற்றிய வசனம் அது, ஞாபகம் இருக்கிறதா?

சீயோன்வாசி:
காணாமல் போகவில்லை. உபவாசக் கூட்டம் இருந்தது. சொல்லிவிட்டுத்தான் போனேன்.

பெரோயன்:
எங்கும் சொல்லவில்லை. ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது, போடவா?

சீயோன்வாசி:
போடுங்கள். கூடவே, நீங்கள் உங்கள் பழைய அசெம்பிளியை விட்டு ஏன் வந்தீர்கள் என்பதையும் போடுங்கள். அப்பம் பிட்குதலில் பங்கு கொடுக்காமல் உங்களை மூன்று மாதம் உட்காரவைத்தது எதற்கு என்று எல்லோருக்கும் தெரியட்டும்.

நெல்லைச் சீமை:
ஐயா, தாத்தாவைப் பற்றி நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

முன்னாள் கொயர்:
நானும் "நிச்சயம்" என்றால் என்ன என்று கேட்டிருந்தேன். இன்னொன்றும்: மத்தேயு 27:44, மாற்கு 15:32 இரண்டிலும் கள்ளர் இருவருமே இயேசுவை நிந்தித்தார்கள் என்றுதான் இருக்கிறது. மனந்திரும்பிய கதை லூக்காவில் மட்டும். காலெலும்பு யோவானில் மட்டும். இரண்டையும் ஒட்டித்தான் நீங்கள் "எப்போது செத்தான்" என்று கணக்குப் போடுகிறீர்கள், அதுவாவது தெரிகிறதா?

பெரோயன்:
முதலில் இருவரும் நிந்தித்தார்கள், பிறகு ஒருவன் மனந்திரும்பினான். ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்கே தெரியும்.

சீயோன் பிரதர், என் பழைய சபை விவகாரம் எனக்கும் மூப்பருக்கும் இடையில் உள்ளது, அதை இங்கே இழுத்ததிலேயே உங்களிடம் வசனம் தீர்ந்துவிட்டது என்று தெரிகிறது. காலையிலிருந்து கேட்கிறேன். யோவான் 19:32. முந்தினவனுடைய காலெலும்புகளையும் மற்றவனுடைய காலெலும்புகளையும். ஆம் அல்லது இல்லை.

சீயோன்வாசி:
அவன் பிறகுதான் செத்தான் என்றே வைத்துக்கொள்வோம். அதனால் என்ன? ஆண்டவர் வாக்குக் கொடுத்தபோது உயிரோடு இருந்தாரா, இல்லையா? அதற்கு நீங்கள் பதில் சொன்னீர்களா?

பெரோயன்:
"வைத்துக்கொள்வோம்" எல்லாம் செல்லாது. ஆம் என்று எழுதுங்கள்.

கடலோர அந்தோணி:
வலை இழுக்க நேரமாகிவிட்டது, போகிறேன். தம்பி, அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் போடாதே, வீண் வம்பு.

பெரோயன்:
போடத்தான் போகிறேன் அண்ணே. எபிரெயர் 6-க்கும் தனியாக ஒன்று எழுதுகிறேன், ஐந்து பாகம் வரும். சீயோன் பிரதர் உபவாசம் முடிந்து வந்து பதில் சொல்லட்டும்.

சீயோன்வாசி:
இன்றைக்கு உபவாசம் இல்லை. இங்கேதான் இருக்கிறேன். எழுதுங்கள்.