ஜாக் ரஸ்ஸல் டெரியர்: எவ்வளவு ஓடவிட்டாலும் அடங்கவில்லை

ஹாரோ வாசகி:
வணக்கம். லண்டனின் ஹாரோ பகுதியில், சிறிய தோட்டமுள்ள வீட்டில், ஆறும் ஒன்பதும் வயதான பிள்ளைகளுடன் வசிக்கிறோம். சின்ன நாய்தானே, சமாளித்துவிடலாம் என்று எண்ணி ஒரு ஜாக் ரஸ்ஸல் குட்டியை வாங்கினோம். பெயர் மிளகு, இப்போது பதினான்கு மாதம். காலையும் மாலையும் ஒரு மணி நேரம் நடத்திச் செல்கிறோம், பூங்காவில் பந்தும் எறிகிறோம். ஆயினும் வீடு திரும்பியதும் புல்தரையைத் தோண்டுகிறது. வேலியில் அணிலைக் கண்டால் தொண்டை கட்டும்வரை குரைக்கிறது. சின்னவன் ஓடினால் குதிகாலைக் கவ்வுகிறது. சென்ற வாரம், என் கைகூட நுழையாது என்று நான் நினைத்திருந்த வேலி இடைவெளியில் புகுந்து, பக்கத்து வீட்டுக் கொட்டகைக்கு அடியில் போய்விட்டது. அரை மணி நேரம் கூப்பிட்டும் வரவில்லை. நடையை இன்னும் கூட்ட வேண்டுமா? வயது ஏறினால் அடங்குமா? பிள்ளைகளுக்கு ஹாம்ஸ்டர் (கூண்டில் வளர்க்கும் எலி போன்ற சிறு பிராணி) வாங்கித் தருவதாக வேறு வாக்குக் கொடுத்திருக்கிறோம்.

பழைய டெரியர்க்காரன்:
நடையைக் கூட்டாதீர்கள். மேலும் மேலும் ஓடவிட்டால் களைப்பறியாத ஓட்டக்காரனைத்தான் வளர்த்தெடுப்பீர்கள். பிறகு இரண்டு மணி நேரமும் போதாது. மிளகு செய்வது குறும்பன்று, குலத்தொழில். ஜான் (செல்லமாக ஜாக்) ரஸ்ஸல் என்ற பாதிரியார், ஆக்ஸ்ஃபோர்டில் மாணவராக இருந்த 1819இல், ஒரு பால்காரரிடமிருந்து டிரம்ப் என்ற வெள்ளைப் பெட்டையை வாங்கினார் (பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்). பின்னர் டெவனில் அவர் பேணி வளர்த்த டெரியர்களின் வழிவந்ததே இந்த இனம். வேட்டையில் நரி வளைக்குள் பதுங்கிக்கொண்டால், பின்னாலேயே நுழைந்து, அதைக் கொல்லாமல் குரைத்துக் குரைத்தே வெளியே கிளப்புவதுதான் இவற்றின் வேலை. அதனால்தான் முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பை இரு கைகளால் வளைத்துப் பிடிக்கும் அளவில் இன்றும் இந்த இனத்தை வைத்திருக்கிறார்கள். உங்கள் வேலி மர்மத்துக்கு விடை அதுவே. மண்ணுக்கடியில், எஜமானின் குரல் எட்டாத இடத்தில், தானே முடிவெடுக்கப் பழகிய நாயின் வாரிசு கூப்பிட்டவுடன் வராததில் வியப்பென்ன?

ஆகவே கால்களுக்குக் கொடுக்கும் வேலையில் ஒரு பங்கை மூக்குக்கு மாற்றுங்கள். பழைய குளியல் துண்டொன்றை விரித்து, அதன் காலை உணவைத் தூவி, பாயைச் சுருட்டுவதுபோல் இறுக்கமாகச் சுருட்டி, நடுவில் ஒரு முடிச்சுப் போட்டுக் கொடுங்கள். முதல் நாள் துண்டை உதறும், கடிக்கும், உங்களைப் பார்த்து முறையிடும். சில நாளில் மூக்கால் ஓரத்தைத் தள்ளி மடிப்பு மடிப்பாகப் பிரிக்கக் கற்றுக்கொள்ளும். என்னிடம் இருந்தவள் பத்து நிமிடம் இந்த வேலையைப் பார்த்துவிட்டு, மதியம்வரை தூங்குவாள். தோட்ட மூலையில் ஒரு மணல்தொட்டி வைத்து அதற்குள் பொம்மைகளைப் புதைத்துவையுங்கள். புல்தரை ஓரளவு தப்பும்.

இரண்டு பிள்ளைகளின் தாய்:
குதிகாலைக் கவ்வும் நேரத்தைக் குறித்துப் பாருங்கள், சகோதரி. எங்கள் வீட்டில் அது பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்து கூச்சலிட்டு ஓடும் மாலையில்தான் நடந்தது; பகல் முழுதும் சரியாகத் தூங்காத நாய், தூக்கம் போதாத குழந்தையைப் போலவே நடந்துகொள்கிறது என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. மாலை நான்கு மணிக்கு முன்பே அமைதியான அறையில் அதைப் படுக்கவைக்கத் தொடங்கியபின் கவ்வல் பெரிதும் குறைந்தது. நாய் பாய்ந்தால் கை கட்டி மரம்போல் அசையாமல் நிற்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கு விளையாட்டாகவே பழக்குங்கள். ஹாம்ஸ்டர் வேண்டாம். எலி பிடிப்பதில் பேர்பெற்ற நாய் கூண்டைப் பார்த்தபடி இரவெல்லாம் நடுங்கிக்கொண்டு நிற்பது இரண்டு உயிர்களுக்கும் வதை.

சர்ரே நடையாளர்:
மணல்தொட்டி எங்கள் வீட்டில் பலிக்கவில்லை. மணலையும் தோண்டியது, ரோஜாவையும் தோண்டியது. வயதைப் பொறுத்தவரை, எங்களுடையது மூன்றைத் தாண்டியபின் சற்று யோசித்துச் செயல்படுகிறது, அடங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன். காட்டுப் பகுதிக்குப் போனால் மார்புப் பட்டையில் பத்து மீட்டர் நீளக் கயிறு கட்டாமல் விடாதீர்கள். முயல் வளையில் சிக்கிக்கொண்டால் தோண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். பேட்ஜர் என்ற, மண்ணுக்கடியில் வாழும் காட்டு விலங்கின் வளை என்றால், நாயை அதற்குள் நுழையவிடுவதே 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இன்னொன்று: இந்த இனத்துக்குக் கண்ணில் வில்லை இடம் பெயரும் பரம்பரை நோய் உண்டு. கண் சிவந்தோ, மங்கியோ, வலியால் மூடியபடியோ இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மரபணுச் சோதனையும் இருக்கிறது. குட்டியை விற்றவரிடம் தாய் தந்தையின் முடிவுகளைக் கேட்டுப் பாருங்கள்.

ஹாரோ வாசகி:
மூவருக்கும் மிக்க நன்றி. துண்டு வித்தையை இன்று காலையே செய்து பார்த்தேன். முடிச்சை அவிழ்க்காமல் துண்டையே இழுத்துக்கொண்டு மேசைக்கடியில் போய் ஓரத்தைக் கிழித்துவிட்டது. ஆனால் இருபது நிமிடமாக அணிலின் நினைவே வரவில்லை. ஹாம்ஸ்டர் கிடையாது என்பதைச் சின்னவனிடம் இன்னும் சொல்லவில்லை. வேலிக்கடியில் கம்பிவலை பதிப்பதாக இருந்தால் எவ்வளவு ஆழம் புதைக்க வேண்டும் என்று யாரேனும் சொல்ல முடியுமா?

பழைய டெரியர்க்காரன்:
நேராக ஆழத்தில் புதைப்பதைவிட, வலையை எல் வடிவில் மடித்து, உங்கள் தோட்டப் பக்கமாக ஒரு முழ அகலத்துக்குக் கிடையாகப் பரப்பி, மேலே புல்லை மூடிவிடுங்கள். நாய் வேலியோரத்தில்தான் தோண்டத் தொடங்கும். நகம் கம்பியில் பட்டதும் அந்த இடத்தை விட்டுவிடும்.